புது மாடல் வரப்போகிறது என்று மண்டபத்தில் ஓடும் பிக்கப்பை இப்போதே விற்க வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். 2021-ல் புதிதாக எடுத்த, 1.7 டன் ஏற்றும் பிக்கப். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இருந்து மதுரைக்கு மீன் லோடு, வாரத்தில் ஓரிரு நாள் கேரளா. 2,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, டியூ நான்கு பாக்கி. இந்த நேரத்தில் ஒரு புரோக்கர் வந்து, “அடுத்த மாடல் வரப்போகுது, வந்துட்டா உங்க வண்டி ஒரு லட்சம் இறங்கிடும், இப்பவே குடுத்துடுங்க” என்கிறார். அவர் சொல்வது உண்மையா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புது மாடல் வந்தால் பழைய பிக்கப்பின் விலை விழுமா என்பது ஒன்று. உங்கள் வண்டியை நீங்கள் இப்போது விற்க வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் இரண்டாவதற்கு அதையே வைத்துக்கொள்ள முடியாது. அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

ராமநாதபுரத்தில் ஒரு ஃபைனான்ஸில் ஒன்பது வருடம் வண்டி மதிப்பீடு பார்த்தேன். அப்புறம் பதின்மூன்று வருடமாகச் செகண்ட் ஹேண்ட் சரக்கு வண்டிகளை வாங்கி விற்கிறேன். தொண்டியில் இருந்து சாயல்குடி வரை இந்தக் கடற்கரையில் ஓடும் வண்டிகள்தான் எனக்குத் தெரியும். கோயம்புத்தூர், சென்னை நிலவரத்துக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

முதல் கேள்விக்கு என் பதில்: புது மாடல் வந்தது என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு பிக்கப் ஒரு லட்சம் விழுந்து நான் பார்த்ததில்லை. புது வண்டியின் ஆன்ரோடு விலை மாறினால் பழைய வண்டியின் விலையும் மாறும். கடன் கொடுப்பவர்கள் போடும் மதிப்பு மாறினாலும் மாறும். இந்த இரண்டையும் அசைக்காமல் புது முகப்பும் புது விளக்கும் வைத்து ஒரு மாடல் வந்தால், சந்தையில் பத்து நாள் பேச்சு இருக்கும், அவ்வளவுதான்.

கார் வேறு மாதிரி. கார் வாங்குகிறவர் அதன் முகத்தையும் பார்த்து வாங்குகிறார். புது முகம் வந்தால் பழைய முகம் வீட்டு வாசலில் நிற்பதற்கே ஒரு மாதிரி இருக்கிறது என்று நினைக்கிறவர்கள் உண்டு. பிக்கப் வாங்குகிறவர் வாடகையைப் பார்க்கிறார். ஒரு நடைக்கு எத்தனை பெட்டி ஏறும், டீசல் எவ்வளவு குடிக்கும், வழியில் நின்றால் பரமக்குடியில் ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்ப்பாரா, பார்ட்ஸ் கிடைக்குமா. பாம்பனில் லோடு ஏற்றும் வியாபாரி எந்த மாடல் என்று பார்த்து வாடகையை ஏற்றிக் கொடுப்பதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் சரக்கு வண்டி கம்பெனிகள் புது மாடலை விட்டவுடன் பழையதை நிறுத்திவிடுவதில்லை, பக்கத்தில் வைத்தே விற்கிறார்கள். அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது. 2020-ல் படா தோஸ்த் வந்த பிறகும் தோஸ்த் ஷோரூமில் இருந்தது. டாடா ஏஸ் 2005-ல் வந்தது. நாம் குட்டி யானை என்று பெயர் வைத்து, இப்போது எல்லாச் சின்ன லோடு வண்டிக்கும் அந்தப் பெயரையே சொல்கிறோம். 2019-ல் டாடாவின் இன்ட்ரா வந்தபோது குட்டி யானை ஒழிந்தது என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அதன் பிறகும் ஏஸ் விற்றது, பழைய ஏஸும் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. பழைய மாடல் ஷோரூமில் இருக்கும்வரை அதன் பார்ட்ஸைப் பற்றி வாங்குகிறவருக்குப் பயம் வராது. பயம் இல்லாவிட்டால் விலையும் அவ்வளவு லேசில் விழாது.

மஹிந்திரா 2023 ஏப்ரலில் போலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசையை விட்டபோது இங்கே எல்லாரும் அதைப் பார்க்கப் போனோம். முகம் புதிது, உள்ளே டாஷ்போர்டு புதிது, போனில் வண்டியைக் கண்காணிக்கும் வசதி புதிது. எஞ்சின் மட்டும் பழைய போலேரோ பிக்கப்பில் நாம் பார்த்த அதே 2523 சிசி குடும்பம். நம் மெக்கானிக்குகளுக்குக் கை பழகிய எஞ்சின். அதனால் பழைய பிக்கப் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய அடி விழவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் வித்தியாசம் தெரிந்தது. அந்த வரிசையில் 3050 மில்லிமீட்டர், அதாவது பத்து அடி நீளத்துக்குப் பாடி வந்தது. மீன் பெட்டி அடுக்குகிறவருக்கு நீளத்தில் ஒரு அடி கூடினால் ஒரு வரிசைப் பெட்டி கூடும். ஒன்பது அடி பாடி வைத்திருந்தவரிடம், “பத்தடி இருந்தா சொல்லுங்க” என்று கேட்க ஆரம்பித்தார்கள். புது மாடல் செய்தி வந்தால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பாடி நீளம் கூடியதா, ஏற்றும் எடை கூடியதா, மைலேஜ் கூடியதா? கூடியிருந்தால் உங்கள் வண்டிக்குக் கொஞ்சம் அழுத்தம் வரும். இல்லாவிட்டால் கவலை வேண்டாம்.

சரி, விலை எங்கேதான் தீர்மானமாகிறது? இதை ஃபைனான்ஸில் வேலை பார்த்தபோதுதான் புரிந்துகொண்டேன். செகண்ட் ஹேண்ட் பிக்கப் வாங்குகிறவர் பெரும்பாலும் நேற்று வரை இன்னொருவர் வண்டியில் டிரைவராக இருந்தவர். கையில் ஒரு லட்சமோ ஒன்றரையோ இருக்கும், மீதி கடன். ஒவ்வொரு ஃபைனான்ஸும் மாடல், வருடம் போட்டு ஒரு விலைப் பட்டியல் வைத்திருக்கும். அந்த விலையில் இத்தனை சதவீதம்தான் கடன் என்று ஒரு வரம்பும் இருக்கும். உதாரணத்துக்கு, பட்டியலில் உங்கள் வண்டிக்கு 6 லட்சம், கடன் 75 சதவீதம் என்றால் 4,50,000 கிடைக்கும். வாங்குகிறவர் 1,50,000 போட்டால் வியாபாரம் முடிந்தது. பட்டியலில் அதே வண்டியை 5,40,000 என்று குறைத்துவிட்டால் கடன் 4,05,000. வாங்குகிறவர் கையில் இருப்பது அதே 1,50,000 தான். ஆகவே உங்களுக்கு 5,55,000. வண்டியில் எதுவும் மாறவில்லை, 45,000 போய்விட்டது. புது மாடல் விலையைப் பாதிக்கும் வழி பெரும்பாலும் இதுதான். ஷோரூமில் வண்டி வந்த அன்று எதுவும் நடக்காது. ஃபைனான்ஸ்காரர்கள் பட்டியலைத் திருத்தும்போதுதான் நடக்கும். உங்களுக்குப் பழக்கமான இரண்டு ஃபைனான்ஸில் உங்கள் வண்டியின் வருடத்தையும் மாடலையும் சொல்லி, இன்றைக்குக் கடன் எவ்வளவு போடுவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். புரோக்கர் சொல்வதை விட அது நம்பத்தக்க தகவல்.

இதே வழியில் 2025-ல் ஒரு உண்மையான அடி விழுந்தது. அது புது மாடலால் வந்ததில்லை, வரியால் வந்தது. சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது 18 ஆனது. ஆகஸ்ட் 15 அன்று வரி குறையும் என்ற பேச்சு வந்தது, செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு, செப்டம்பர் 22 முதல் அமல். கணக்குக்கு, வரி சேர்க்காமல் 7,80,000 விலையுள்ள ஒரு வண்டி முன்பு 9,98,400. வரி குறைந்த பிறகு 9,20,400. புது வண்டி 78,000 இறங்கினால் ஐந்து வருடத்துப் பழைய வண்டியும் அதில் ஒரு பங்கு இறங்கித்தானே ஆக வேண்டும். அந்த ஐந்து வாரமும் இங்கே வியாபாரமே நின்றது. உச்சிப்புளியில் ஒருவர் தன் வண்டிக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் வாங்கி வைத்திருந்தார். வாங்க வந்தவர் அட்வான்ஸ் போனாலும் போகட்டும் என்று விலகிவிட்டார். பிறகு அதே வண்டி 35,000 குறைத்துப் போனது. ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கம்பெனிக்காரர்கள் வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் அவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாக உறைக்காது. நம் பக்கம் ஒற்றை வண்டி வைத்து ஓட்டுகிறவர்களே அதிகம், அவர்களுக்கு முழுதாக உறைத்தது. அந்த இறக்கம் இப்போது விலையில் சேர்ந்து முடிந்துவிட்டது. யாராவது அதையே இன்னொரு முறை சொல்லி உங்கள் விலையைக் குறைக்கப் பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டி விலை ஏறுவதும் உண்டு, அதை நான் தவறாகக் கணித்து ஒருவருக்கு நஷ்டம் வைத்தேன். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்ற புகை அளவு விதிப்படி செய்த வண்டிகள் மட்டுமே புதிதாகப் பதிவாகும் என்று முன்பே தெரியும். அதற்கு முன் 2017 மார்ச் 29 அன்று பிஎஸ் 3 வண்டிகளின் விற்பனையை ஏப்ரல் 1 முதல் உச்ச நீதிமன்றம் தடுத்தபோது, இருப்பில் இருந்ததைத் தள்ளுபடியில் தள்ளினார்கள். புது வண்டியே மலிவாகக் கிடைத்ததால் செகண்ட் ஹேண்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நினைவை மனதில் வைத்து, 2020 பிப்ரவரியில் தொண்டிக்காரர் ஒருவரிடம், “பிஎஸ் 4 வண்டியை இப்பவே தள்ளிவிடுங்க, ஏப்ரலுக்கு அப்புறம் மதிப்பு இருக்காது” என்று சொன்னேன். அவரும் கொடுத்தார். நடந்தது தலைகீழ். பிஎஸ் 6 வண்டியின் விலை ஏறியது. புகைக் குழாயில் வடிகட்டி, சென்சார் எல்லாம் கூடியதால் ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்கிடம் கொண்டுபோக முடியாது என்ற பயமும் சேர்ந்தது. ஊரடங்கு தளர்ந்து மீன் வண்டிகள் மறுபடி ஓட ஆரம்பித்தபோது நல்ல பிஎஸ் 4 பிக்கப்புக்கு ஆள் தேடி வந்தார்கள். அவர் கொடுத்த வண்டியை வாங்கியவர் அதே வருடக் கடைசியில் 40,000 கூட வைத்து விற்றார். விதி மாறும் முன் இருப்பைத் தள்ளும் சில வாரங்களில் விலை விழும். விதி மாறிப் புது வண்டி விலை ஏறிவிட்டால் பழையதும் கூடவே ஏறும். இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன். அந்த மனிதரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

இதோடு சேர்த்து ஒன்று. பத்து வருடம் ஆன டீசல் வண்டியை ஓட்ட முடியாது என்று உங்களிடம் யாராவது சொன்னால், அது டெல்லியையும் அதன் சுற்று வட்டாரத்தையும் பற்றிய பேச்சு. தமிழ்நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. இங்கே வண்டியின் ஆயுளை எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுதான் சொல்லும்.

உங்கள் வண்டியை விடச் சின்ன வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோ வந்தது. 750 கிலோ ஏற்றும், பெட்ரோல் வண்டி அப்போது 3,99,000 ரூபாயில் ஆரம்பித்தது. இப்படிக் கீழ் விலையில் ஒரு புது வண்டி வந்தால் அது பழைய சின்ன வண்டிகளின் தலைக்கு மேல் கூரை போட்ட மாதிரி. நான்கு வருடம் ஓடிய குட்டி யானைக்கு மூன்றரை லட்சம் கேட்டால், “இன்னும் கொஞ்சம் போட்டா புதுசே எடுத்துரலாமே” என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்கள் 1.7 டன் வண்டிக்கு இந்தக் கூரை இல்லை. ஐஸோடு மீன் ஏற்றி ஒரு நடையில் மதுரைக்குப் போகிறவர் 750 கிலோ வண்டியை மாற்றாக நினைக்கமாட்டார். மின்சாரச் சின்ன லோடு வண்டிகளைப் பற்றி நான் உறுதியாகப் பேச மாட்டேன். இந்தக் கடற்கரையில் செகண்ட் ஹேண்டாக என் கைக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. மண்டபத்தில் இருந்து மதுரை ஒரு வழி சுமார் 150 கிலோமீட்டர், நடுராத்திரி ஓட்டம் என்பதால் உங்கள் தொழிலை இப்போதைக்கு அவை தொடாது என்பது என் எண்ணம் மட்டுமே.

இனி, உங்கள் விலையை உண்மையில் தின்கிற விஷயத்துக்கு வருகிறேன். மீன் வண்டிக்கு எதிரி உப்பு.

போன பங்குனியில் பெரியபட்டினத்தில் ஒரு 2020 வண்டி பார்க்கப் போனேன். சிங்கிள் ஓனர், மீட்டரில் ஒரு லட்சத்துக்கும் கீழே, புதிதாக வெள்ளை பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நின்றது. பரமக்குடியில் இருந்து வாங்க வந்த பாய் பார்த்ததுமே மயங்கிவிட்டார். 6,10,000 பேச்சு. நான் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்தேன். சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம் முழுக்கக் கருப்பாகப் புதிதாகத் தார் பூசியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் லோடு பாடியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். முதல் இரண்டும் ‘டங்’ என்றன. மூன்றாவது ‘சொத்’ என்றது. முனையை வைத்து லேசாக அழுத்தினேன், முறுக்கு உடைவது போல உள்ளே இறங்கிவிட்டது. செதில் செதிலாகத் துரு முகத்தில் கொட்டியது. பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட் ஓரமும் அப்படியே. பாய் கீழே குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. கடைசியில் அந்த வண்டி 4,70,000-க்குப் போனது, வேறு ஒருவருக்கு. அதே மாதம் சாயல்குடியில் ஒரு 2018 வண்டி, மிளகாய் மூட்டையும் சிமென்டும் மட்டும் ஏற்றியது, 1,90,000 கிலோமீட்டர். பாடியெல்லாம் கீறல், பெயிண்ட் மங்கல். அடியில் தட்டினால் எல்லாமே ‘டங்’. 5,20,000-க்குப் போனது. இரண்டு வருடம் முந்தைய வண்டி ஐம்பதாயிரம் கூடுதலாகப் போயிருக்கிறது. எந்தப் புது மாடலும் இவ்வளவு வித்தியாசம் செய்யாது.

ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: மீன் பெட்டியில் ஐஸ் உருகி வழியும் நீரில் கடல் உப்பு இருக்கிறது. உப்பு கலந்த நீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும், துருப்பிடிப்பதும் அதனால் வேகமாகிறது. அதோடு, நீர் காய்ந்தாலும் உப்பு தகட்டின் மடிப்புக்குள் தங்கிவிடும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே இரும்பு காய்வதில்லை. தரைத்தகடும் குறுக்குச் சட்டமும் சேரும் இடம், சக்கர வளைவின் உள்பக்கம், கேபினுக்கும் பாடிக்கும் இடையில் உள்ள சந்து, டீசல் டேங்க் பட்டி, பிரேக் பைப் ஆகியவைதான் முதலில் போகும். பிரேக் பைப் துரு விலையோடு நிற்பதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது. அதை மட்டும் வண்டியை விற்கிறீர்களோ இல்லையோ இந்த வாரமே பாருங்கள்.

கழுவுவதில்தான் நம் பக்கத்துச் சிக்கல். லோடு இறக்கியதும் வண்டியைக் கழுவுகிறோம், ஆனால் கடலோரத்தில் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்புதான். உப்புத் தண்ணீரால் உப்பைக் கழுவினால் என்ன பிரயோஜனம். குழாயில் வரும் காவிரித் தண்ணீர் குடிக்க மட்டும், அதை வண்டிக்கு விடக் கூடாது. நான் எல்லாரிடமும் சொல்வது, மதுரையில் லோடு இறக்கியதும் அங்கேயே ஒரு வாட்டர் சர்வீஸில், மேலே வேண்டாம், அடியில் மட்டும் பிரஷர் அடித்துவிட்டுத் திரும்புங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும். தரைத்தகட்டில் நீர் வடியும் ஓட்டைகள் மீன் செதிலும் தெர்மாகோல் துண்டும் அடைத்துக் கிடக்கும், ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். வேஸ்ட் ஆயில் அடிப்பது பற்றிக் கேட்பார்கள். சுத்தமாகக் கழுவிக் காய்ந்த இரும்பின் மேல் அடித்தால் ஓரளவு காக்கும். உப்பு இருக்கும்போதே மேலே பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். ஆயில் ரப்பர் புஷ்களையும் கெடுக்கும், தரையிலும் சொட்டும். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. விற்பதற்கு முந்தைய வாரம் தார் பூசுவதை மட்டும் செய்யாதீர்கள். அனுபவம் உள்ளவன் புதுத் தாரைப் பார்த்தாலே ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவான்.

விற்கும் மாதமும் விலையைப் பேசும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் மீன் வண்டிகள் பாதி சும்மா நிற்கும், டியூ கட்ட முடியாதவர்கள் விற்க வருவார்கள், விலை இளகும். ஜூன் முதல் வாரத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடித்து வலை ஏற்ற ஆரம்பித்ததும் வண்டி தேடி ஆட்கள் வருவார்கள். மாசி பங்குனியில் முண்டு மிளகாய் இறங்கும்போது முதுகுளத்தூர், கமுதி பக்கத்தில் இருந்தும் கேட்பார்கள், ஆனால் மீன் வாடை அடிக்கும் வண்டியை மிளகாய்க்காரர்கள் எடுக்க யோசிப்பார்கள். விற்பதானால் மாசியிலோ ஜூன் தொடக்கத்திலோ விலை பேசுங்கள். மே மாதத்தில் விற்காதீர்கள்.

புது மாடல் எப்போது வரும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் வண்டிக்கு என்று உறுதியான தேதிகள் சில இருக்கின்றன. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி, அதற்கு மேல் வருடா வருடம். உங்களுக்கு அந்த எல்லை 2029. எட்டைத் தாண்டிய வண்டிக்கு வாங்குகிறவர் வருடச் செலவைக் கணக்குப் போட்டுக் கேட்பார், ஃபைனான்ஸும் கடன் மாதங்களைச் சுருக்கும். அடுத்தது ஐடிவி, இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்பு. கம்பெனியின் அன்றைய பட்டியல் விலையில் இருந்து முதல் ஆறு மாதம் 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, அப்புறம் 20, 30, 40 என்று ஏறி, நான்கில் இருந்து ஐந்து வருடத்துக்குள் 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்துக்கு மேல் இரு தரப்பும் பேசி வைப்பதுதான். புரோக்கர்கள் இந்த ஐடிவியைக் காட்டி, “இன்சூரன்ஸ்லயே இவ்வளவுதான் போட்டிருக்கு” என்று விலையைக் குறைப்பார்கள். ஐடிவி என்பது வண்டி திருட்டுப் போனாலோ முழுதாக நொறுங்கினாலோ கிடைக்கும் தொகை. சந்தை விலை அதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. என் கருத்து, இப்போது விற்காதீர்கள். டியூ நான்குதான் பாக்கி. அதை முடித்தால் வண்டி முழுதாக உங்களுடையது, அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு மாதமும் டியூ தொகை உங்கள் கையில் நிற்கும். கடன் நிலுவையில் விற்றால் வாங்குகிறவர், “ஃபைனான்ஸை நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டு போவார். தவணை நின்றால் போன் உங்களுக்குத்தான் வரும். விபத்து நடந்தாலும் ஆர்சியில் பெயர் உங்களுடையது. மதிப்பீட்டு வேலையில் இருந்தபோது இப்படி மாட்டிக்கொண்ட குடும்பங்களை அடிக்கடி பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை எந்தக் காரணத்துக்கும் ஏற்காதீர்கள். டியூ முடிந்ததும் ஃபைனான்ஸில் கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசியும் கையெழுத்திட்ட ஃபாரம் 35-உம் வாங்கி ஆர்டிஓவில் எச்பியை, அதாவது ஆர்சியில் உள்ள கடன் பதிவைக் கேன்சல் செய்து வையுங்கள். எச்பி இல்லாத ஆர்சி, நடப்பில் உள்ள எஃப்சி, இன்சூரன்ஸ் எல்லாம் கையில் இருந்தால் வாங்க வருபவர் பேரம் பேசும் தோரணையே மாறும். விற்கும் நாளில் பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போடுவதோடு விடாமல், பெயர் மாறிவிட்டதா என்று ஆன்லைனில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அடியில் தட்டிப் பார்த்து இரண்டு குறுக்குச் சட்டத்துக்கு மேல் ‘சொத்’ என்றால் என் பதில் மாறும். அப்படி என்றால் டியூவை முடித்த கையோடு, அந்தச் சட்டங்களை நல்ல வெல்டரிடம் மாற்றி, பழுது பார்த்ததை மறைக்காமல் சொல்லி, அடுத்த தடைக்காலத்துக்கு முன் கொடுத்துவிடுங்கள். துரு நிற்பதில்லை, ஒவ்வொரு வடகிழக்கு மழைக்கும் அது ஒரு அடி முன்னே போகும். சேஸ் நன்றாக இருந்தால் 2028 வரை ஓட்டலாம். எட்டு வயது ஆவதற்கு ஒரு வருடம் முன்பு விற்பது என் கணக்கில் நல்ல இடம். அதற்குள் இரண்டு புது மாடல்கள் வந்தாலும் வரட்டும்.

புரோக்கர் சொன்ன ஒரு லட்சத்தை அவரிடமே திருப்பிக் கேளுங்கள்: எந்த மாடல், ஆன்ரோடு எவ்வளவு, பாடி எத்தனை அடி, எந்த ஃபைனான்ஸ் பட்டியலைக் குறைத்தது? நான்கில் இரண்டுக்காவது பதில் சொன்னால் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பார்க்காமல் ஒரு தொகை சொல்வது சரியில்லை, அதனால் சொல்லவில்லை. முடிந்தால் பகலில், அடியைக் கழுவிக் காயவிட்டு, லோடு பாடிக்குக் கீழே மூன்றாவது குறுக்குச் சட்டத்தையும் பின்பட்டை பிராக்கெட்டையும் கிட்டத்தில் போட்டோ எடுத்துப் போடுங்கள். எஃப்சி எந்த மாதம் வரை, பாடி எத்தனை அடி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துவிட்டு, எங்கள் பக்கத்தில் இன்றைக்கு என்ன கேட்கலாம், எந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்கிறேன்.